மழையைக் கட்டியவளின் மகள்

எங்கள் பக்கத்துக்கு மழை இரண்டு வாசல் வழியாக வரும். ஐப்பசி, கார்த்திகையில் கிழக்கே கடலிலிருந்து வருவது பெரிய மழை. வந்தால் நாள்கணக்கில் உட்கார்ந்துகொள்ளும். ஏரி நிரம்பி வழிந்து கோடி போகும், பாம்பு வீட்டுக்குள் வரும், பள்ளிக்கூடம் மூடிவிடுவார்கள். கத்திரி வெயில் முடிந்த பிறகு மேற்கிலிருந்து வருவது இன்னொன்று. பகலெல்லாம் கொளுத்தி, சாயங்காலம் வரவேண்டிய கடல்காற்று வராமல் புழுங்கி, திடீரென்று மேற்கே கறுத்து, இடியும் காற்றுமாக வந்து கொட்டிவிட்டுப் போய்விடும். இந்த இரண்டாவது மழைதான் எங்களுக்கு எதிராகப் பொய்ச்சாட்சி சொன்னது. அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மழையை மன்னிக்காமல் இருந்து என்ன ஆகப்போகிறது என்று என் வீட்டுக்காரர் கேட்பார். ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆனாலும் மன்னிக்கவில்லை.

தொண்ணூற்றொன்றாம் வருஷம் என்றாலே வெளியூர்க்காரர்கள் எங்கள் பக்கத்தைப் பற்றி ஒன்றே ஒன்றைத்தான் கேட்பார்கள். அந்தக் குண்டுவெடிப்பு நாடறிந்தது, அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை. நான் சொல்வது அதே கோடையில், மண்ணூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவில் இருந்த எங்கள் ஊரில், ஏரிக்கரைக்குக் கீழே நாங்கள் போட்ட ஒரு செங்கல் சூளையைப் பற்றி. சூளையை நாங்கள் காளவாய் என்போம். இன்றைக்கு அந்த இடத்தில் கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கின்றன. கம்பெனி பஸ்ஸில் அந்த வழியாகப் போகும்போது நான் எதிர்ப்பக்கத்து ஜன்னலோரமாகப் பார்த்துத்தான் உட்காருவேன்.

அப்பா நான் சின்னவளாக இருக்கும்போதே போய்விட்டார். அம்மாவும் நானும் சித்தப்பா வீட்டுக்குப் பின்னால், மாட்டுக்கொட்டகையை ஒட்டி இறக்கிய சாய்ப்பில் இருந்தோம். சித்தப்பா, அப்பாவின் ஒரே தம்பி. ஐப்பசி வந்தால் எங்கள் அண்டா, குண்டான், சொம்பு எல்லாம் ஒழுகல் பிடிக்கப் போய்விடும், சோறு வடிக்கப் பாத்திரம் மிஞ்சாது. அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து தூங்குவாள். படுக்க இடம் இருக்காது. அம்மாவுக்கு ஒரே ஓர் ஆசைதான். செங்கல் சுவர் வைத்து, தனக்கென்று ஓர் அறை. அடுத்த ஐப்பசியில் காலை நீட்டிப் படுக்க வேண்டும்.

அந்த ஆசைக்கு வழி சொன்னவரே சித்தப்பாதான். தை மாதம் ஒருநாள் சாய்ப்பு வாசலில் வந்து நின்றார்.

"இப்டியே எத்தினி ஐப்பசிதான் தள்ளுவ அண்ணி? ஏரில மண்ணு கீது, எரிக்கக் கரைல வேலிகாத்தான் முள்ளு கீது. நம்மளே கல்லு அறுத்துக்கலாம். நான் கீறேன் இல்ல?"

சொன்னதோடு நிற்கவில்லை. தோட்டத்து மூலையில் அறைக்கு இடம் விட்டார். ஏரி மண்ணை வண்டியில் அடித்துக் கொட்டினார். தன் கழனி வேலையை முடித்துவிட்டு வந்து எங்களோடு சேர்ந்து மண் மிதித்தார். முழங்கால் வரை சேறோடு நின்றுகொண்டு, "உன் வூட்டுக்கு மெத்தை மாடி போட்ருவோமா, அண்ணி?" என்று கேட்பார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அப்பா போன பிறகு அம்மா சிரித்து நான் பார்த்தது அந்தக் கோடையில்தான். எனக்குச் சித்தப்பாவை ரொம்பப் பிடிக்கும். அதனால்தான் இது இன்றைக்கும் ஆறவில்லை.

மாசியில் கல் அறுத்தோம். மரச்சட்டத்தில் மண்ணை அடித்து, வழித்து, தரையில் தட்டி, வரிசை வரிசையாக. பங்குனி, சித்திரை வெயிலில் அவை காய்ந்தன. ஊரே சபித்த வெயில் அது. எங்களுக்கு மட்டும் கூலி வாங்காத ஆளாக வேலை செய்தது. கத்திரி வெயிலில் சித்தப்பாவும் ஒரு கூலியாளும் முள் வெட்டி அடுக்க, நாங்கள் கல்லை அடுக்கினோம். வெளிப்பக்கம் முழுக்கச் சேறு பூசினோம். அப்படிப் பூசிய காளவாய் நடுவில் ஒரு மழை வந்தாலும் தாங்கிக்கொள்ளும், உள்ளே நெருப்பு அணையாது. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் தேவைப்படும்.

பற்றவைக்கிற அன்று அம்மா கற்பூரம் எடுத்துவர வீட்டுக்குப் போயிருந்தாள். நான் காளவாய் மூலையில் குந்தியிருந்தேன். சித்தப்பா எங்கள் சாய்ப்பிலிருந்து ஒரு பழைய துடைப்பத்தை எடுத்து வந்தார். அம்மா தன் நீலப்புடவைக் கிழிசலால் கட்டிய துடைப்பம். அதைத் தலைகீழாக, ஈர்க்கு மேலே பார்க்கும்படி, காளவாய்க்குப் பின்னால் மண்ணில் நட்டார். பக்கத்தில் ஒற்றைச் செருப்பையும் கட்டித் தொங்கவிட்டார்.

"இன்னாத்துக்கு சித்தப்பா?" என்றேன்.

"கண்ணு பட்டா கல்லு வேகாதும்மா. அதுவும் உங்கம்மா கல்லு, நல்லா வேகணும்." பிறகு வானத்தைப் பார்த்துச் சிரித்தார். "மேகம் கீகம் எட்டிப் பாத்தாலும் இத்தப் பாத்துட்டு ஓடிப்புடும்."

துடைப்பத்தைத் தலைகீழாக நட்டால் மழை நிற்கும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லாரும் சொல்வது. கல்யாண வீட்டில் கொல்லைப்புறம் பார்த்தால் ஒன்று நட்டிருப்பார்கள். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. காளவாய்க்காரர்கள் மழையைக் கட்டிவைத்துவிடுவார்கள் என்கிற பேச்சும் உண்டுதான். ஆனால் அது வியாபாரத்துக்குக் கல் சுடுகிற பெரிய காளவாய்க்காரர்களைப் பற்றிய பேச்சு. தாலியறுத்த ஒருத்தி தன் ஓர் அறைக்குச் சுடுகிற கல்லுக்கு அது பொருந்தும் என்று யார் நினைப்பார்கள்?

அந்த வருஷம் கோடைமழை ஏமாற்றிக்கொண்டே இருந்தது. சித்திரையில் நட்டு ஆடி கழித்து அறுக்கிற சொர்ணவாரி நெல் கழனியில் நின்றது. ஏரி வெடித்துக் கிடந்தது. கிணற்று மோட்டார் கொஞ்ச நேரம் தண்ணீரும் கொஞ்ச நேரம் காற்றுமாக இறைத்தது. சித்தப்பாவின் பயிரும் நுனி கருக ஆரம்பித்தது. ஏற்கெனவே அந்தக் கோடையில் எங்கள் பக்கத்துக்கே ஏதோ பாவம் பிடித்துவிட்டது என்று ஆளாளுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். மழையும் வரவில்லை என்றதும் அந்தப் பேச்சுக்குக் கைகால் முளைத்தது.

எங்கள் காளவாய் எரிந்துகொண்டிருந்த அந்த நாட்களிலேயே கொடும்பாவி கட்டி இழுப்பது என்று முடிவானது. ஊரில் மழையைத் தடுக்கிற பாவி ஒருத்தி இருப்பதாக வைத்து, வைக்கோலில் ஒரு பொம்மை செய்து, பழம்புடவை சுற்றி, தெருத்தெருவாக இழுத்துக்கொண்டு போவார்கள். பெண்கள் பின்னால் மாரடித்து அழுதுகொண்டு போவார்கள். கடைசியில் ஊருக்கு வெளியே கொளுத்திவிடுவார்கள். அம்மாவும் போனாள். போகாமல் இருக்க முடியாது, போகாதவளைப் பற்றித்தான் பேசுவார்கள். நான் அவள் பக்கத்திலேயே நடந்தேன். மற்றவர்கள் "மழயே வாடா" என்று அழுத இடத்தில், அம்மா குரலைத் தாழ்த்தி எனக்கு மட்டும் கேட்கும்படி வேறொன்றைச் சேர்த்துக்கொண்டாள்.

"வாடா மழயே வாடா... என் கல்லு வெந்ததும் வாடா."

ஒப்பாரியிலேயே தவணை கேட்டவள் என் அம்மா. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவளும் முந்தானைக்குள் சிரித்தாள். பின்னால் வந்தவர்கள் அழுகிறாள் என்று நினைத்திருப்பார்கள்.

கொடும்பாவி எரிந்தது, மழை வரவில்லை. அப்படி வராவிட்டால் பொம்மை போதாது, உண்மையான பாவி எங்கோ இருக்கிறாள் என்று அர்த்தம். மறுநாள் காலையில் ஆடு மேய்க்கப் போன யாரோ காளவாய்க்குப் பின்னால் துடைப்பத்தைப் பார்த்துவிட்டார்கள். உச்சிவெயில் ஏறுவதற்குள் எங்களைப் பிள்ளையார் கோயில் எதிரே கூப்பிட்டு நிறுத்திவிட்டார்கள். துடைப்பம் எல்லாருக்கும் நடுவில் தரையில் கிடந்தது.

ஊர்ப் பெரியவர் கேட்டார். "இத்த நட்டது யாரு?"

பெரியவர் துடைப்பத்தைக் குச்சியால் புரட்டினார்.

"யாரு வூட்டுத் தொடப்பம் இது?"

சித்தி கூட்டத்திலிருந்து எட்டிப் பார்த்தாள். நீலத்துணியைப் பார்த்ததும் பளிச்சென்று சொல்லிவிட்டாள். "அக்காவோடது." சித்தியை நான் குறை சொல்லமாட்டேன். அவளுக்கு ஒன்றும் தெரியாது. கேட்டதற்கு உண்மையைச் சொன்னாள், அவ்வளவுதான்.

பெரியவர் சித்தப்பாவின் பக்கம் திரும்பினார். "இன்னாப்பா, தெனிக்கும் அங்கதானே கீற. உனக்குத் தெரியாதா?"

சித்தப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்தார். உதறினார். மறுபடி தோளில் போட்டுக்கொண்டார். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். திருஷ்டிக்கு நட்டது, நான்தான் நட்டேன் என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லியிருந்தால் ஆம்பளை, கழனிக்காரர், நாலு வசவோடு போயிருக்கும். அவர் பயிர் காய்கிறபோது அவரே மழையைக் கட்டுவாரா என்று யாராவது சிரித்துக்கூட இருப்பார்கள்.

"எனக்கு இன்னா தெரியும்?" என்றார் சித்தப்பா. "காளவா அண்ணியோடது. நான் முள்ளு தள்றதோட சரி."

நான் வாயைத் திறந்தேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். வளையல் நெளியும்படி பிடித்தாள். அவள் என்னைப் பார்க்கவே இல்லை, சித்தப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாகப் பார்த்தாள் என்று சொல்லமாட்டேன். எதிர்வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு நிற்கிறவர்கள் பார்ப்பார்களே, அப்படிப் பார்த்தாள்.

"நீ இன்னாமா சொல்ற?" என்று பெரியவர் கேட்டார். அம்மா பேசவில்லை. அவள் ஒத்துக்கொண்டதாக ஊர் எடுத்துக்கொண்டது.

கட்டை அவிழ்க்க வேண்டும் என்றார்கள். துடைப்பத்தைக் கொளுத்தினார்கள். காளவாய் நெருப்பையும் அணைத்தால்தான் கட்டு முழுதாக விடும் என்று யாரோ சொல்ல, எல்லாரும் ஆமாம் என்றார்கள். குடிக்கத் தண்ணீரில்லை என்று அழுத ஊருக்கு எங்கிருந்தோ குடம் குடமாகத் தண்ணீர் வந்தது. வீட்டு ஆம்பளை முதல் குடம் ஊற்ற வேண்டும் என்று சித்தப்பாவின் கையில் கொடுத்தார்கள். அவர் வாங்கினார், காளவாய் வாயில் ஊற்றினார். புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. பிறகு மற்றவர்கள். உள்ளே கல் வெடிக்கிற சத்தம் வெளியே கேட்டது. படபடவென்று, நிறுத்தாமல். அம்மா ஏரிக்கரையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

அன்றைக்குச் சாயங்காலம் கடல்காற்று வரவில்லை. இலை அசையவில்லை. மேற்கே கறுத்தது.

பெய்தது. எப்படிப் பெய்தது! கத்திரி கழிந்தால் வழக்கமாக வருகிற அதே சாயங்கால மழைதான். எனக்குத் தெரிந்து அது வராத வருஷம் குறைவு. அந்த வருஷம் கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான். ஒரு நாள் முன்னால் வந்திருந்தால் துடைப்பத்தை யாரும் தேடியிருக்க மாட்டார்கள். எங்கள் சேற்றுப்பூச்சு அந்த மழையைத் தாங்கியிருக்கும், கல்லும் வெந்திருக்கும். நாலு நாள் பின்னால் வந்திருந்தால், காளவாயை அணைத்தும் மழை வரவில்லையே என்று நாலு பேராவது வெட்கப்பட்டிருப்பார்கள். பார்த்துப் பார்த்து அந்தச் சாயங்காலமே வந்தது. ஆண்கள் தெருவில் இறங்கி நனைந்தார்கள். பெண்கள் குலவையிட்டார்கள். சாய்ப்பின் ஓட்டை வழியாகத் தண்ணீர் கொட்ட, அம்மா எழுந்து போய் அண்டாவை எடுத்து வைத்தாள். பிறகு குண்டான். பிறகு சொம்பு.

இடி நின்றதும் சித்தி ஒரு தட்டில் சூடாகச் சோறு கொண்டுவந்து வைத்தாள். அம்மாவை நிமிர்ந்து பார்க்கப் பயந்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

காளவாயைப் பிரித்தபோது கல் பச்சையும் இல்லை, வெந்ததும் இல்லை. தட்டினால் கணீரென்று கேட்க வேண்டியது டொக்கென்றது. கையில் எடுத்தால் மூலை உதிர்ந்தது. ஊர்ப் பாதையில் பள்ளத்துக்குக் கொட்டினார்கள். மறுவருஷம் அம்மா மீண்டும் மண் கேட்டாள். மழையைக் கட்டுகிறவளுக்கு ஏரி மண் கொடுக்கக்கூடாது என்று ஊர் சொல்லிவிட்டது. அறைக்கு விட்ட மூலையில் சித்தி கத்தரிச்செடி வைத்தாள்.

சித்தப்பாவின் சொர்ணவாரி நன்றாக விளைந்தது. அந்த ஐப்பசியில் கொட்டுகிற மழையில் அவரே எங்கள் சாய்ப்பின் மேல் ஏறினார். புது ஓலை போட்டார், கட்டினார், இறங்கினார், போனார். அதற்கப்புறம் ஒவ்வொரு வருஷமும் யாரும் சொல்லாமலே அவரே வந்து கூரை வேய்ந்தார். கைதான் வேலை செய்தது, வாய் திறக்கவில்லை. நான் அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டேன். அம்மா நிறுத்தவில்லை. "தம்பி, மோர் குடிச்சிட்டுப் போ" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நட்டது சித்தப்பாதான் என்று அன்று ராத்திரியே அவளிடம் சொன்னேன். என் கையை ஏன் பிடித்தாய் என்று பலமுறை கேட்டிருக்கிறேன். "வேலயப் பாருடி" என்பதுதான் பதில்.

அம்மாவுக்குப் பேர் நிலைத்துவிட்டது. மழையைக் கட்டுனவ. முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். பிறகு, ஊர் எதையும் கேலியாக்கிவிடும் இல்லையா, முகத்துக்கு நேராகவே. ஐப்பசியில் கல்யாணம் வைத்தவர்கள் வெற்றிலை பாக்கோடு வந்து நிற்பார்கள். "யக்கா, உன் கையால ஒரு தொடப்பம் நட்டுட்டுப் போயேன்." எந்தக் கையைக் குற்றவாளியாக்கினார்களோ அந்தக் கைதான் வேண்டும். அம்மா போகமாட்டாள்.

சில வருஷம் கழித்துச் சித்தப்பாவின் பெண்ணுக்குக் கல்யாணம், கார்த்திகையில். ரேடியோவில் புயல் என்றார்கள். பந்தலுக்கு மேல் வானம் தொங்கியது. உறவுக்காரர்கள் எல்லாம் கொல்லையில் கூடியிருக்க, சித்தி ஒரு புதுத் துடைப்பத்தோடு வந்து அம்மாவின் கையில் வைத்தாள். "அக்கா, பொண்ணு கல்யாணம். இந்த ஒரு தபா." சித்தப்பா பட்டு வேட்டியோடு அங்கேதான் நின்றிருந்தார்.

அம்மா துடைப்பத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு நேராகப் போய் அதைச் சித்தப்பாவிடம் நீட்டினாள்.

"நீ நடுப்பா. உன் கைதான் ராசி."

இதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். பழைய கதை, பெண்ணின் கல்யாண நாள், சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம். ஊரும் சிரித்திருக்கும்.

சித்தப்பா சிரிக்கத்தான் செய்தார். கையை மட்டும் நீட்டவில்லை. "அய்ய, எனக்கு இன்னா தெரியும்? அண்ணிக்குத்தான் அந்த வித்தை வரும்."

எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். கொல்லை மூலைக்குப் போய், ஈரமண்ணில், முதல்முறையாகத் தன் கையால் துடைப்பத்தைத் தலைகீழாக நட்டாள். மழை தாலி கட்டும்போதே ஆரம்பித்து, பந்தலைப் பெயர்த்துக்கொண்டு போனது. மனசார நடவில்லை என்று அதற்கும் அம்மாவைத்தான் சொன்னார்கள்.

பிறகு ஊர் மாறியது. கழனிக்கு வேலி போட்டார்கள், ஏரிக்கு நடுவே ரோடு போனது. நான் கல்யாணமாகி, கம்பெனி வேலைக்குப் போய், இருங்காட்டுக்கோட்டையில் வாடகைக்கு மாடிப் போர்ஷன் எடுத்து, அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். கான்கிரீட் கூரைதான், ஒழுகாது. ஆனால் தன் வீடு என்று ஒன்றில் அம்மா ஒருநாளும் படுத்ததில்லை.

போன வருஷம் கத்திரி கழிந்த சமயம் சித்தப்பா போய்விட்டார். அம்மா போயே தீர வேண்டும் என்றாள். போனோம். அவர் தலைமாட்டில் உட்கார்ந்து முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. தூக்கிக்கொண்டு போகிறவரை எழுந்திருக்கவும் இல்லை. அன்றைக்கே திரும்பிவிட்டோம். இரண்டு நாள் கழித்து ஒரு சாயங்காலம், கடல்காற்று வராமல் புழுங்கி, மேற்கே கறுத்தது. அம்மா மாடிக்கொடியில் துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். நானும் போய் எடுத்தேன். எனக்கு ஏனோ அடக்க முடியவில்லை.

"இப்பயாவது சொல்லும்மா. அந்தத் தொடப்பத்த நட்டது சித்தப்பாதான். நான் கண்ணால பாத்தேன்."

"நானும்தான் பாத்தேன்" என்றாள் அம்மா. "கற்பூரம் எடுத்துகினு வரும்போதே பாத்துட்டேன்."

கையிலிருந்த துணி நழுவியது. "அப்புறம் இன்னாத்துக்கும்மா என் கையப் புடிச்ச? நான் சொல்லியிருப்பேன் இல்ல?"

"நீ சொன்னா அது உன் வாய்ல வந்தது. நமக்காக அந்தச் சேத்த மிதிச்ச மனுஷன். அவரா சொல்லுவாருன்னு பாத்துகினு இருந்தேன்."

முதல் தூறல் விழுந்தது. "எது வரிக்கும்?" என்று கேட்டேன்.

"முந்தாநேத்து வரிக்கும்" என்றாள் அம்மா, கீழே விழுந்த துணியை எடுத்து உதறிக்கொண்டே.